டெல்டா வயலில் டிஜிபிஎஸ்: எந்தத் தொல்லைக்கு எங்கே கை வைப்பது

தை அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் டெல்டாவில் நிலம் அளக்கும் பருவம் தொடங்கிவிடும். பாகம் பிரிக்க, விற்க, வரப்புத் தகராறு தீர்க்க, உட்பிரிவு மனு போட என்று ஆளுக்கொரு காரணத்தோடு சர்வேயரைத் தேடி வருவார்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கும்வரைதான் இந்த வேலைக்கு நேரம். டோட்டல் ஸ்டேஷனோடு (குறிபார்த்துத் தூரமும் கோணமும் அளக்கும் கருவி) நாள் முழுக்க நிற்க வேண்டிய இடத்தை, சாட்டிலைட் சிக்னலால் இடம் காணும் டிஜிபிஎஸ் சில மணி நேரத்தில் முடித்துத் தருவதால் இந்தப் பருவத்தில் அதற்கு ஓய்வே கிடையாது. ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் பேஸ், கையோடு கொண்டுபோகும் ரோவர் என்று அதில் இரண்டு பகுதி. பேஸ் அனுப்பும் திருத்தம்தான் (கரெக்ஷன்) ரோவரைச் செ.மீ. துல்லியத்துக்குக் கொண்டுவருகிறது.

கருவி பரவிய வேகத்துக்கு அதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் பரவவில்லை என்பதே என் கவலை. திரையில் "ஃபிக்ஸ்டு" (செ.மீ. துல்லியத்தில் இடம் கிடைத்துவிட்டது) என்று வந்ததும் கல் நடச் சொல்லிவிடுகிறோம். ஃபிக்ஸ்டு என்பது கருவி தன் கணக்கைப் பற்றித் தானே வைத்திருக்கும் அபிப்பிராயம். அந்தக் கணக்கு சரியா என்பதை ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு புள்ளிதான் சொல்ல முடியும். 100 மீட்டர் நீள வரப்பு 30 செ.மீ. தள்ளிப்போனால் 30 சதுர மீட்டர், அதாவது முக்கால் சென்ட் கைமாறுகிறது. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நிற்க அது போதும்.

ஆகவே கீழே வரும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. ஊருக்கு ஊர் ஒரு சாட்சிப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மதகின் கான்கிரீட் மேடையிலோ, பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரத்திலோ ஒரு ஆணி அடித்து, வானம் திறந்த நேரத்தில் இரண்டு மூன்று முறை நிதானமாக அளந்து எழுதிவைத்த புள்ளி. வேலை தொடங்கும் முன் அதில் ஒரு முறை, முடிந்து கிளம்பும் முன் ஒரு முறை ரோவரை நிறுத்துங்கள். கிடைமட்டத்தில் 2, 3 செ.மீ.க்குள் வந்தால் வேலையைத் தொடரலாம். அதற்கு மேல் போனால் காரணம் தெரியாமல் ஒரு கல்கூட நட வேண்டாம். அந்தக் காரணத்தைத் தேடத்தான் கீழுள்ள அறிகுறிகள்.

சாட்டிலைட் 30-க்கு மேல் இருக்கிறது, ஆனால் "சிங்கிள்" மாறவில்லை

வானத்தில் குறையில்லை. ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ எல்லாம் வருகின்றன. வராதது பேஸிலிருந்து வரவேண்டிய கரெக்ஷன். அது இல்லாமல் ரோவர் தனியாகக் கண்ட இடம்தான் "சிங்கிள்". திரையில் கரெக்ஷனின் "ஏஜ்" (அது எத்தனை நொடி பழையது) எங்கே காட்டுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த ஒரு எண் பாதி வேலையைக் குறைத்துவிடும்.

அங்கே கோடு மட்டும் இருந்தால் தகவல் வந்து சேரவே இல்லை. சிம் வழியாக எடுப்பவர்கள், கண்ட்ரோலரில் (ரோவரின் கைத்திரை) ஏதாவது ஒரு இணையப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். கொள்ளிடம் படுகைக்குள் இறங்கினால் சில இடங்களில் நெட் சுத்தமாக இருக்காது. இன்னொரு நிறுவனத்தின் சிம் பையில் இருப்பது நல்லது. நெட் இருந்தும் வரவில்லை என்றால் சர்வர் முகவரி, போர்ட் எண் (பெரும்பாலும் 2101), பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைச் சரிபாருங்கள். ஒரே கணக்கில் இரண்டு ரோவர் நுழைந்தால் பல சர்வர்கள் ஒன்றை வெளியே தள்ளிவிடும். கூட்டாளி பக்கத்து ஊரில் அதே கணக்கைத் திறந்து வைத்திருக்கிறாரா என்று ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். கோர்ஸ் வலையமைப்பில் (நிரந்தரமாக நிறுவிய பேஸ்களின் வலை) உங்கள் இடத்துக்கென்றே மெய்நிகர் பேஸ் உருவாக்கித் தரும் மவுன்ட் பாயிண்ட் (சர்வரில் நாம் தேர்ந்தெடுக்கும் கரெக்ஷன் வரிசை) எடுத்திருந்தால், ரோவர் தன் இடத்தை முதலில் சர்வருக்குச் சொல்ல வேண்டும். அந்த இடத்தைச் சொல்லும் செய்தியான ஜிஜிஏவை அனுப்பும் வசதி அணைந்திருந்தால் இணைப்பு இருப்பதாகக் காட்டும், கரெக்ஷன் மட்டும் வராது.

ஏஜ் 1, 2 நொடி என்று ஓடிக்கொண்டிருந்தும் சிங்கிள் நகரவில்லை என்றால், தகவல் வருகிறது, ரோவருக்குப் புரியவில்லை. பழைய ரோவர்கள், கரெக்ஷன் அனுப்பும் பொது வடிவமான ஆர்டிசிஎம்மின் புதிய எம்எஸ்எம் வகைச் செய்திகளை அறியாதவை. வேறு வடிவத்தில் அனுப்பும் மவுன்ட் பாயிண்டைத் தேர்ந்தெடுங்கள், இல்லையேல் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். சொந்த பேஸ் என்றால், அது தன் இடத்தைச் சொல்லும் 1005 அல்லது 1006 செய்தியும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள்.

ரேடியோவில் வேலை செய்பவர்களுக்கு: சேனல், புரோட்டோகால், காற்றில் ஓடும் வேகம் மூன்றும் பேஸிலும் ரோவரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆன்டெனா மாட்டாமல் ரேடியோவை ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், அனுப்பும் பகுதியே எரிந்துபோகும். நம்முடைய தட்டை நிலத்தில் ரேடியோ தூரத்தைத் தீர்மானிப்பது வாட்டைவிட உயரம். ஆன்டெனாவை 2 மீட்டரிலிருந்து 4, 5 மீட்டருக்கு ஏற்றிப் பாருங்கள், அதிக பவர் தேடிப் போகத் தேவையிருக்காது.

"ஃப்ளோட்"டிலேயே நிற்கிறது

கரெக்ஷன் வந்தும் கணக்கு முடிவுக்கு வராமல் தத்தளிக்கும் நிலைதான் ஃப்ளோட். டெல்டாவில் இதற்கு முதல் காரணம் தென்னந்தோப்பு. 25 அடிக்கு ஒரு மரம் வைத்த தோப்பில், மரம் வளர்ந்த பிறகு மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். சாட்டிலைட் எண்ணிக்கை குறையாமல் தெரியும், ஆனால் ஒவ்வொன்றின் சிக்னலும் நொடிக்கு நொடி அறுந்து அறுந்து வரும். அறுந்த சிக்னலில் அலைகளின் எண்ணிக்கையை ரோவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த அறுப்பு.

தோப்புக்குள் நின்று ஃபிக்ஸ்டுக்காகக் காத்திருக்காதீர்கள். காத்திருந்து கடைசியில் வரும் ஃபிக்ஸ்டுதான் பெரும்பாலும் பொய்யானது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். தோப்புக்கு வெளியே களத்திலோ சாலையிலோ ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு புள்ளிகளை ரோவரில் எடுத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனை உள்ளே கொண்டுபோங்கள். வீட்டு நத்தம், மூங்கில் கொத்து, கோயில் மதில் ஓரம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

மரத்துக்கு மேலே பார்வையைக் கொண்டுபோகும் பாடு இந்த மண்ணில் பழையது. 1808-ல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தென்னிந்தியாவை முக்கோணங்களால் அளந்து வந்தபோது, குன்றே இல்லாத இந்தச் சமவெளியில் கோயில் கோபுரங்களைத்தான் நிலையங்களாகக் கொண்டார். கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது மோதிச் சேதமடைந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதைச் செப்பனிட்டார். கருவியைக் குறை சொல்லிவிட்டு நகராமல், அதைப் பிரித்துப் புரிந்துகொண்டு சரிசெய்த அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

திறந்த வயலிலும் ஃப்ளோட்தான் என்றால் பேஸைப் பாருங்கள். ரோவருக்கு நல்ல வானம் இருந்து பேஸ் வேப்பமரத்தடி நிழலில் நின்றால் பயனில்லை. இரண்டுக்கும் பொதுவாகத் தெரியும் சாட்டிலைட்தான் கணக்கில் சேரும். ஆளுக்கு வெயில் ஆகாது என்பதற்காக பேஸை நிழலில் வைக்கிறோம். குடையை ஆள் பிடித்துக்கொள்ளட்டும், பேஸ் வெயிலில் நிற்கட்டும். அடுத்தது தூரம். பேஸிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 மி.மீ. பிழை கூடும் என்பது கருவியின் கையேட்டிலேயே இருக்கும். 30 கிலோமீட்டரில் அதுவே 3 செ.மீ. ஆகிறது, ஃபிக்ஸ்டு வரவும் நேரம் பிடிக்கும்.

காலையில் ஒழுங்காக இருந்தது, பொழுது சாய்ந்ததும் கெட்டுப்போனது

கருவியைச் சர்வீஸுக்கு அனுப்பும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டை அடுத்த பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழிகள் போலக் கலக்கம் எழும். அதன் ஊடே வரும் சிக்னல் மினுமினுக்கும், ஒரே நேரத்தில் பல சாட்டிலைட் அறுந்துபோகும். மாலை 7 மணிக்கு மேல் நள்ளிரவு வரை இது தீவிரமாக இருக்கும். மார்ச் - ஏப்ரலிலும் செப்டம்பர் - அக்டோபரிலும் அதிகம். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். இப்போதைய சுழற்சி உச்சகட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது.

நாம் அதிகமாக அளக்கும் பங்குனி, சித்திரை அதே காலத்தில்தான் வருகிறது என்பதால் டெல்டாக்காரர்கள் இதை மனதில் வைத்தே ஆக வேண்டும். வெயிலுக்குப் பயந்து மாலை 5 மணிக்குத் தொடங்கி, டார்ச் அடித்துக்கொண்டு வேலையை முடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். விடியற்காலை 6 மணிக்கு இறங்கி 11 மணிக்குக் கரையேறுவதே ஆளுக்கும் நல்லது, அளவுக்கும் நல்லது. பிற்பகல் 2-லிருந்து 4 மணி வரையும் அயனி மண்டலம் அடர்த்தியாக இருக்கும். அந்த நேரத்தில் பேஸ் பக்கத்தில் இருந்தால் பாதிப்பு குறைவு, தூரத்துக் கோர்ஸை நம்பினால் தடுமாறும்.

ஃபிக்ஸ்டு வந்தது, ஆனால் அதே கல்லில் இரண்டாம் முறை வேறு எண் வருகிறது

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். மற்றவை வேலையை நிறுத்தும், இது வேலையை ஓடவிட்டுக் கெடுக்கும்.

ரோவர் சாட்டிலைட்டுக்கும் தனக்கும் இடையே எத்தனை முழு அலைகள் என்று எண்ணித்தான் செ.மீ. துல்லியத்துக்கு வருகிறது. ஒரு அலை ஏறத்தாழ 19 செ.மீ. எண்ணிக்கையில் ஒன்றிரண்டு தவறினாலும் கணக்கு தனக்குள் பொருந்திவிட்டால் ஃபிக்ஸ்டு என்றே எழுதும். துல்லியம் 1.5 செ.மீ. என்றும் காட்டும். உண்மையில் 20, 40 செ.மீ. தள்ளி நிற்பீர்கள்.

தவறான எண்ணிக்கைக்கு நம் ஊரில் பெரிய காரணம் சிக்னல் பட்டுத் திரும்பி வருவது. தகரக் கொட்டகை, நெல் ஏற்றும் லாரி, பெல்ட் வைத்த அறுவடை மிஷின் இவற்றின் பக்கம் நின்றால் நேரே வந்த சிக்னலோடு பட்டுத் திரும்பியதும் சேர்ந்துவிடும். சம்பா நடவில் தண்ணீர் தேங்கிய வயலும், வேதாரண்யம் பக்கத்து உப்பளப் பாத்தியும் கண்ணாடி மாதிரிதான், சிக்னலைக் கீழேயிருந்து ஆன்டெனாவுக்கு ஏற்றிவிடும். தாழ்ந்து வரும் சாட்டிலைட்டுகளை ஒதுக்க உயரக் கோண வரம்பை 10-லிருந்து 15 டிகிரிக்கு உயர்த்துங்கள். ரோவரைத் தாங்கும் போலை 2 மீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். மிஷின்காரரிடம் "அண்ணே, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

அதைவிட முக்கியம் சோதனை. எல்லைக் கல் ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுங்கள், இரண்டுக்கும் இடையே அரைமணி நேரமாவது இருக்கட்டும். அதற்குள் சாட்டிலைட்டுகள் இடம் மாறிவிடும், பிழையின் முகமும் மாறும். இரண்டாம் முறை எடுக்கும் முன் ரோவரை மறுதொடக்கம் செய்து ஃபிக்ஸ்டைப் புதிதாக வாங்குங்கள். பழைய ஃபிக்ஸ்டை வைத்துக்கொண்டே பத்து முறை எடுத்தாலும் பத்தும் ஒரே பொய்யைச் சொல்லும். வயலை ஒரு சுற்று சுற்றி, டீ குடித்துவிட்டு, எதிர்த்திசையில் இன்னொரு சுற்று வந்தால் இடைவெளி தானாக அமைந்துவிடும். இரண்டு அளவும் 3 செ.மீ.க்குள் இருந்தால் சராசரி எடுங்கள். 20 செ.மீ. வித்தியாசம் என்றால் சராசரி எடுப்பது பெரிய தவறு. ஒன்று பொய், எது என்று மூன்றாவது அளவு சொல்லும்.

எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருக்கிறது

வயலின் உருவம் சரி, நீள அகலம் சரி, பரப்பு சரி. போன மாதம் அளந்ததன் மேல் வைத்தால் மட்டும் மொத்தமும் விலகி நிற்கிறது. சாட்டிலைட்டைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பேஸின் ஆயத்தொலைவு மாறியிருக்கிறது.

2, 3 மீட்டர் விலகல் என்றால் யாரோ பேஸை நிறுத்தியதும் "இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்" என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். கரெக்ஷன் இல்லாமல் தனியாகக் கண்ட இடம் அவ்வளவு தூரம் தவறும். ஒரே நாளில் முடியும் தனி வயலுக்கு அது பாதகமில்லை. நாளை மறுபடி வந்து கல் நட வேண்டுமென்றால் பாதகம். பேஸை அதே ஆணியில் நிறுத்தி, முதல் நாள் எழுதிய எண்ணைக் கையால் இடுங்கள். பிறகு சாட்சிப் புள்ளியில் நின்று பாருங்கள்.

ஒரு மீட்டரை ஒட்டிய விலகல், அதுவும் வடகிழக்குத் திசையில் என்றால் காரணம் வேறு. இந்தியா வீற்றிருக்கும் நிலத்தட்டே ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. 20 ஆண்டில் அது ஒரு மீட்டர். சில கரெக்ஷன் சேவைகள் ஆயத்தொலைவை ஒரு பழைய தேதியில் நிறுத்திவைத்துத் தருகின்றன. பேஸ் இல்லாமல் நேரே சாட்டிலைட்டிலிருந்து வரும் பிபிபி சேவைகளோ இன்றைய தேதிக்கே தருகின்றன. நேற்று ஒன்று, இன்று மற்றொன்று என்று எடுத்தால் இரண்டும் தத்தம் அளவில் சரியாக இருந்தும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. ஒரு வேலைக்கு ஒரே சேவை, ஒரே மவுன்ட் பாயிண்ட். சேவையின் பெயரையும் அதன் தேதிக் குறிப்பையும் கோப்பில் எழுதிவையுங்கள்.

விலகல் நூற்றுக்கணக்கான மீட்டர் என்றால் பழைய எவரெஸ்ட் அளவுமுறையில் அச்சான வரைபடத்தோடு ஒப்பிடுகிறீர்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்றால் யுடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக விரித்த கட்டம்) மண்டலம் தவறு. டெல்டா முழுவதும் 44-ஆம் மண்டலத்தில் இருக்கிறது. கிழக்கு எண் தஞ்சாவூரில் ஏறத்தாழ 2.96 லட்சம், நாகப்பட்டினத்தில் 3.73 லட்சம் வர வேண்டும். 9 லட்சத்தைத் தாண்டினால் 43 என்று வைத்திருக்கிறீர்கள்.

நேரம் போகப் போக உயரம் மெல்ல மாறுகிறது

பேஸின் முக்காலி மண்ணில் இறங்குகிறது. நம் களிமண் மேலே காய்ந்து வெடித்திருக்கும், ஒரு சாண் கீழே ஈரம் இருக்கும். காலையில் நடு நிலையில் இருந்த பப்பிள் (மட்டம் காட்டும் குமிழி) மதியம் ஓரம் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். வரப்பில் வைக்காமல் மதகு மேடையிலோ போர் செட்டின் கான்கிரீட் தளத்திலோ நிறுத்துங்கள். வயலில்தான் வைக்க வேண்டுமென்றால் கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு போட்டு, மணிக்கொரு முறை பப்பிளைப் பாருங்கள்.

உயரம் ஒரே அளவில், எல்லாப் புள்ளியிலும் சமமாக 10, 20 செ.மீ. தவறினால் ஆன்டெனா உயரம். சாய்வாக டேப் பிடித்து அளந்துவிட்டு நேர்குத்து என்று பதிந்திருப்பீர்கள், அல்லது போலை 1.8-லிருந்து 2 மீட்டருக்கு ஏற்றிவிட்டு எண்ணை மாற்றியிருக்க மாட்டீர்கள்.

வயலின் உயரம் மைனஸில் காட்டுகிறது

நாகப்பட்டினம் கடற்கரையில் நின்று மைனஸ் 90 மீட்டரை ஒட்டி எண் வந்தால் பதற வேண்டாம். கருவி பூமியைச் சுற்றிக் கணக்குக்காக வரைந்த நீள்வட்டப் பரப்பிலிருந்து உயரம் சொல்கிறது. நாம் கேட்பது கடல் மட்டத்திலிருந்து. இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டம் அந்தக் கணக்குப் பரப்பைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான தாழ்வு அது. அதன் விளிம்பில் இருக்கிறோம் நாம். கண்ட்ரோலரில், கடல் மட்டம் எங்கே என்று சொல்லும் ஈஜிஎம் 2008 போன்ற ஜியாய்டு கோப்பை ஏற்றினால் எண் கடல் மட்டத்துக்கு அருகில் வந்துவிடும். பிறகு நீர்வளத் துறை மதகில் பெஞ்ச் மார்க் (உயரம் தெரிந்த குறி) இருந்தால் அதில் நின்று மீதி வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்று வற்புறுத்திச் சொல்ல வேண்டும். வடிகால் வெட்டவோ வாய்க்கால் மட்டம் பார்க்கவோ ரோவரை நம்பி இறங்காதீர்கள். தஞ்சாவூரிலிருந்து கடல் வரை நிலம் கிலோமீட்டருக்குச் சில பத்து செ.மீ. தான் சரிகிறது. கண்ணி வாய்க்காலில் 200 மீட்டருக்கு வேண்டிய சரிவு, ரோவரின் உயரப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். தண்ணீர் ஏறாத தலைமாட்டு வயலுக்கும் வடியாத கடைமடை வயலுக்கும் ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும்தான் பதில் சொல்லும்.

டேப்பில் ஒரு தூரம், கருவியில் வேறு தூரம்

யுடிஎம் என்பது வளைந்த பூமியைத் தட்டையாக விரித்த கட்டம். விரிக்கும்போது சில இடம் நீளும், சில இடம் சுருங்கும். நம் பகுதியில் இது விசித்திரமாக அமைந்திருக்கிறது. தஞ்சாவூரில் கட்டத்தின் தூரம் தரையைவிடக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11 செ.மீ. கூடுதல். நாகப்பட்டினத்தில் ஏறத்தாழ 20 செ.மீ. குறைவு. கும்பகோணம் அருகே இரண்டும் கிட்டத்தட்டச் சமம். சாலை, கால்வாய் போன்ற நீள வேலைக்குத் தரைத் தூரத்துக்கு மாற்றும் வசதியைக் கண்ட்ரோலரில் இயக்குங்கள்.

ஆனால் 60 மீட்டர் வரப்பில் 30 செ.மீ. வித்தியாசம் வந்தால் யுடிஎம்மின் மேல் பழி போடாதீர்கள். 60 மீட்டரில் அதன் பங்கு நாகையிலேயே ஒன்றரை செ.மீ.க்கு மேல் போகாது. தொய்ந்த டேப், சாய்ந்த போல், பொய் ஃபிக்ஸ்டு இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். 2 மீட்டர் போல் ஒரு டிகிரி சாய்ந்தால் நுனி 3.5 செ.மீ. தள்ளும். சாய்த்து அளக்கும் வசதியுள்ள ரோவரில், நின்ற இடத்திலேயே சில நிமிடம் இருந்துவிட்டுத் தொடர்ந்தால் அந்த உணரி தளர்ந்துபோகும். பத்தடி நடந்து, போலை ஆட்டிப் புதுப்பித்த பிறகு எடுங்கள். எல்லைக் கல்லுக்கு மட்டும் நேராக நிறுத்தியே எடுங்கள்.

போலைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் ஃபைபர் போலில் மின்சாரம் பாயும். போர் செட்டுக்கு வயல் குறுக்கே போகும் கம்பிகள் பல இடங்களில் கைக்கு எட்டும் உயரத்துக்குத் தொய்ந்து கிடக்கின்றன. கம்பிக்குக் கீழே கடக்கும்போது போலைப் படுக்கவைத்துத் தூக்குங்கள். இடி இறங்கும் மேகம் தெரிந்தால் கருவியைப் போட்டுவிட்டு வயலைவிட்டு வெளியேறுங்கள். உதவிக்கு வரும் பையனுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டியது நம் கடமை.

எல்லாம் சரி, எப்எம்பியோடு மட்டும் பொருந்தவில்லை

கடைசியில் எல்லா வேலையும் வந்து நிற்கும் இடம் இது. அரசு இணையத் தளத்திலிருந்து இறக்கிய புலப்படத்தை (எப்எம்பி) அப்படியே படமாகக் கணினியில் ஏற்றி, வடக்கு அம்புக்குறியை மேலே திருப்பி, ரோவர் புள்ளிகளோடு வைத்துப் பார்க்கிறார்கள். பொருந்தாது. தஞ்சாவூரில் யுடிஎம்மின் வடக்கும் உண்மை வடக்கும் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு விலகியிருக்கின்றன. அது மட்டுமே 100 மீட்டரில் 60 செ.மீ. திருப்பிவிடும். படத்தை அச்சிட்டு ஸ்கேல் வைத்து அளப்பதும் வீண். 1:2000 படத்தில் 1 மி.மீ. என்பது தரையில் 2 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனில் ஒரு நடைபாதை அடங்கும்.

புலப்படத்தில் நம்ப வேண்டியது கோடுகளை விட, கோடுகளின் மேல் எழுதிய எண்களை. ஜி லைன் (புலத்துக்குள் போட்ட அளவைக் கோடு) நீளம், அதிலிருந்து எடுத்த ஆஃப்செட் (பக்கவாட்டுத் தூரம்), எல்லைக் கோட்டின் அளவு ஆகியவற்றை எடுத்து உருவத்தைப் புதிதாக வரையுங்கள். பிறகு தரையில் அசையாமல் நிற்கும் பழைய கற்களைத் தேடுங்கள், முதலில் மூன்று கிராமமோ மூன்று புலமோ சந்திக்கும் கல்லை. குறைந்தது மூன்று கற்களிலாவது ரோவரை நிறுத்தி, வரைந்த உருவத்தை அவற்றின்மேல் திருப்பி நகர்த்திப் பொருத்துங்கள். நீட்டவோ சுருக்கவோ கூடாது. இரண்டு கல் பொருந்தி மூன்றாவது ஒன்றரை மீட்டர் விலகினால் அந்தக் கல்தான் நகர்ந்திருக்கிறது. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண்ணில் கல் சாயும், டிராக்டர் கொத்திப் பெயர்க்கும், யாரோ எடுத்து வரப்பில் மறுபடி சொருகியும் இருப்பார்கள்.

எவ்வளவு விலகலை ஏற்கலாம் என்று கேட்பார்கள். 20 மீட்டர் செயினில் ஒரு கண்ணி 20 செ.மீ. அப்படி எடுத்த அளவை 2 செ.மீ. கருவியால் சோதிக்கும்போது, 10, 20 செ.மீ. வித்தியாசத்தைப் பிழை என்று கூவக் கூடாது. வரப்பின் இரு பக்கமும் நாற்பது வருடமாகச் சச்சரவில்லாமல் உழுது வந்திருக்கிறார்கள் என்றால், அந்த வித்தியாசத்துக்காக வரப்பை உடைக்கச் சொல்வது அநியாயம்.

"மிஷின் என்ன தம்பி சொல்லுது, எங்க வரப்பு சரியா இல்லையா?" என்று பெரியவர் கேட்டால் எண்ணைச் சொல்லி நிறுத்தாதீர்கள். "ஐயா, மிஷின் இந்தக் கல்லு எங்க இருக்குன்னு சொல்லுது. எல்லை எதுன்னு உங்க புலப்படமும் பழைய கல்லும்தான் சொல்லணும்" என்று விளக்குங்கள். எந்தெந்தக் கல் பொருந்தியது, எது விலகியது, எவ்வளவு என்பதை இரு தரப்பு முன்னிலையில் காட்டுங்கள். தனியார் சர்வேயர் வைக்கும் அடையாளம் ஓர் அடையாளம்தான். தகராறு இருக்கும் எல்லைக்கு, முறைப்படி மனுச் செய்து அரசு நில அளவர் அளந்து நடும் கல்லே செல்லும்.

அந்த மனுவோடு சேர்க்க ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: பேஸ் நின்ற இடமும் அதன் எண்ணும், எந்தச் சேவை, எந்த மண்டலம், ஆன்டெனா உயரம், தொடக்கத்திலும் முடிவிலும் சாட்சிப் புள்ளியில் வந்த அளவு, ஒவ்வொரு கல்லின் இரு அளவும் எடுத்த நேரமும். அரசு நில அளவர் வரும்போது அவரும் அதே ஆணியில் நின்று பார்க்கலாம். பரப்பை எழுதும்போது பட்டாவில் உள்ளபடி ஹெக்டேர், ஏர் கணக்கிலும், பக்கத்தில் சென்டிலும் எழுதுங்கள். பெரியவர்கள் மாவில் கேட்டால் 3 மா ஒரு ஏக்கர் என்ற கணக்கில் வாயால் சொல்லுங்கள், தாளில் அதை எழுத வேண்டாம்.